புதுச்சேரி பழைய நகர நடை: வாய்க்காலுக்கு மேற்கே தொடங்குங்கள்

பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர் முன் நாலு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீர்கள். மீதிப் பாதி, அதாவது தமிழர் பகுதி, ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. நடைக்கு மூன்று மணி நேரம் என்றால் இரண்டை அங்கே கொடுங்கள். வழிகாட்டி வைப்பதானால் பணம் கட்டுமுன், மேற்கே எவ்வளவு நேரம் நடப்பார் என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

காலை 6.30க்கு மிஷன் வீதி சம்பா கோயில் என்னும் மாதா கோயில். பழைய கோயில் 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்ததில் போனது. இப்போது நிற்பது 1791இல் எழுந்தது. அடுத்து வைசியாள் வீதி. இதன் சீரமைப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. இங்கே அவசரமே கூடாது. எதிர்ச்சாரியில் நின்று ஒரு வீட்டைக் கீழிருந்து மேலே பாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை, மரத்தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், செதுக்கிய தலைவாசல். மாடியில் வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், கைப்பிடிச் சுவர். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. வாசலில் கோலம் விழும் நேரம் என்பதால் வெளிச்சமும் அழகு. ஆள் குடியிருக்கும் வீடுகள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசிய வீடுகளும் கண்ணில் படும். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது. கடலோர ஊரில் செய்யவே கூடாத வேலை.

பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய, பிரெஞ்சுக்காரர்களின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், வணிகத் தரகர்) இருந்தவரின் வீடு. உள்ளே மரத்தூண் முற்றம் உண்டு. முன் அனுமதி இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

கிழக்கே கப்ஸ் கோயில் என்னும் தேவாலயமும் (1855) பாரதி பூங்காவின் ஆயி மண்டபமும் போதும். 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தையும், 2014 மழையில் இடிந்து பின்பு திரும்பக் கட்டிய மேரி (பிரெஞ்சுக்கால நகராட்சி) கட்டடத்தையும் மாலைக்கு வையுங்கள். 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், காந்தி வீதி முழுக்கச் சந்தைக் கடை. திங்களன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும். நடைபாதையை பைக்குகள் அடைத்துக்கொள்வதால் அடிக்கடி சாலையில் இறங்க நேரும்; குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வருவது சிரமம்.