மோடத்தின் முகப்புப் பலகை: பதினோரு ஆண்டுகள் அழுத்திய பின்

எங்கள் நிலையத்தின் தரவைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பி வாங்கும் மோடத்தைப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தோம், சென்ற வாரம் அது திரும்பி வந்தது. மின்வழங்கியையும் விசிறியையும் மாற்றியிருந்தார்கள். கூடவே, உள்ளே சேமித்து வைத்திருந்த அமைப்புகள் அத்தனையையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதே வாரத்தில், வேறொரு நிலையத்தில் பணிபுரியும் நண்பர் இதே மாடல் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். பண்பேற்றம், பிழைதிருத்தம், 70 மெகா ஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண் எல்லாம் விவரத்தாளில் இருக்கின்றன, அவற்றில் எனக்குக் குறையும் இல்லை. நான் சொல்ல வேண்டியதெல்லாம் முகப்பைப் பற்றியது.

வரிக்கு 40 எழுத்து வீதம் இரண்டு வரித் திரை, நான்கு அம்பு விசைகள், என்டர், கிளியர். எண் விசைகள் கிடையாது. ஆகவே எந்த எண்ணாக இருந்தாலும் இடது, வலது அம்புகளால் இலக்கத்தின் மேல் போய் நின்று, மேல், கீழ் அம்புகளால் அதை உருட்ட வேண்டும். திரும்பி வந்த மோடத்தில் டிரான்ஸ்மிட் அதிர்வெண் 70.0000 என்று நின்றது. எங்களுக்கு வேண்டியது 68.3750. ஒவ்வொரு இலக்கத்துக்கும் கிட்டத்தில் உள்ள திசையைத் தேர்ந்துகொண்டால் 14 அழுத்தல்களில் முடிய வேண்டிய வேலை இது. எனக்கு 18 ஆயின, ஏனென்றால் மேல் அம்பை நான் தொடுவதில்லை. மூன்றாண்டுகளாக அது ஒருமுறை அழுத்தினால் சில வேளை இரண்டாக எண்ணிக்கொள்கிறது. எப்போதும் இரண்டாக எண்ணினாலாவது கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நினைத்தபோது ஒன்று, நினைத்தபோது இரண்டு என்றால் என்ன செய்வது? அதனால் 0-வை 3 ஆக்க வேண்டுமானால் ஒன்பது, எட்டு, ஏழு என்று கீழே சுற்றிக்கொண்டு வருகிறேன். இந்தக் குறையைப் பழுதுச் சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தேன். "விசைப்பலகை சோதிக்கப்பட்டது, பழுதில்லை" என்ற பதிலோடு பெட்டி திரும்பி வந்திருக்கிறது.

இதைவிட எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் சற்று நேரம் கைவைக்காமல் இருந்தால் திரை தானாகவே முதல் பக்கத்துக்குப் போய்விடும், பாதி மாற்றிய எண்ணும் போய்விடும். அதிர்வெண் திட்டத்தின் தாளைப் புரட்டி ரிசீவ் எண்ணைத் தேடி நிமிர்ந்தால் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று நிற்கும். மறுபடியும் கான்ஃபிக், அதற்குள் ரிசீவ், அதற்குள் அதிர்வெண், அதற்குள் முதல் இலக்கம். இப்போதெல்லாம் வேண்டிய எண்களைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டுதான் கருவிகளை அடுக்கிய ராக்கின் முன் உட்காருகிறேன்.

பின்புறம் சீரியல் போர்ட் இருக்கிறதே, மடிக்கணினியைச் செருகிக் கட்டளைகளாக அனுப்பிவிடலாமே என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் போர்ட்டின் வேகத்தையும் மோடத்தின் முகவரியையும் முதலில் இந்த முகப்புப் பலகையில்தானே அமைக்க வேண்டும்!

இவ்வளவு திட்டியபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயமாகிவிடும். இந்தப் பலகையில் என்டரைத் தொடும்வரை எதுவும் நடக்காது. 70-ஐ 68 ஆக்கும் வழியில் திரையில் 60 என்றும் 69 என்றும் எண்கள் தோன்றி மறையும். வெளியே போகும் கேரியர், அதாவது தரவைச் சுமந்து செல்லும் ரேடியோ அலை, அசையாது. உருட்ட உருட்ட அதிர்வெண் மாறும் பழக்கம் இதற்கு இருந்திருந்தால், பல நிலையங்களின் அலைகளை வாங்கித் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரில் நாங்கள் பக்கத்துக் கேரியர்களை எல்லாம் மிதித்துக்கொண்டு போயிருப்போம். 2048 கிலோபிட் வேகத்தில், கியூ.பி.எஸ்.கே. பண்பேற்றத்தில், முக்கால் பிழைதிருத்த விகிதத்தில், எங்கள் கேரியர் ஓரச் சரிவுக்கான 35 சதவீத ரோல்-ஆஃபோடு ஏறக்குறைய 1843 கிலோ ஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கும். அண்டை வீட்டார் உடனே கவனித்துவிடுவார்கள். எண்ணை ஏற்றபிறகும் கேரியரைத் தானாகப் போடாமல், அதற்கென்று தனிப் பக்கத்துக்கு வரச் சொல்லி நம்மைக் காத்திருக்க வைப்பதும் எனக்குப் பிடித்த குணம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்து போன மறுநாள் இந்தப் பலகை எனக்கு எப்படி உதவியது என்பதை நான் மறக்க முடியாது. காற்றில் டிஷ் திரும்பியிருந்தது. ஜெனரேட்டரில் ராக் மட்டும் ஓடியது, கண்காணிப்புக் கணினி எழவில்லை, கைபேசியில் சிக்னல் இல்லை. கேரியரை நிறுத்திவிட்டு, மானிட்டர் பக்கத்தில், வரும் சிக்னலின் தரத்தைக் காட்டும் ஈபி பை என்நாட் வரியைத் திறந்து வைத்துக்கொண்டு (எண் ஏறினால் நல்லது), கருவிகள் இருக்கும் ஷெல்டரின் வாசலில் உட்கார்ந்தேன். வெளியே அண்ணன் ஒருவர் டிஷ்ஷை இடவலமாகத் திருப்பும் அசிமுத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப, நான் எண்ணைக் கத்தினேன். "நாலு புள்ளி ரெண்டு. அஞ்சு. அஞ்சு புள்ளி எட்டு." ஏழரையைத் தாண்டி ஒன்பதில் நின்றபோது, "போதும்ணா, கட்டிடுங்க" என்றேன். அந்தப் பக்கம் மட்டும் முதல் பக்கத்துக்குத் தானாகத் திரும்புவதில்லை. அதை எழுதியவர் எவரோ, ஒருநாளாவது டிஷ் திருப்பியவராக இருக்க வேண்டும். அவரையே மற்ற பக்கங்களையும் எழுத வைத்திருக்கலாம்.

ஆக, கேரியரை நம்பலாம், அளவீட்டை நம்பலாம், பதினோரு ஆண்டுகளில் இணைப்பு மோடத்தால் அறுந்தது மின்வழங்கி போன இந்த ஒருமுறைதான். இருந்தும் நண்பருக்கு வேண்டாம் என்றே சொன்னேன். சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஒரே எண்ணை மூன்றாம் முறையாகக் கீழே சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அழைத்தார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தே தீருவேன் என்றால், பணம் கொடுக்கும் முன் மின்னிணைப்புக் கொடுத்து, ஏதாவது ஓர் இலக்கத்தின் மேல் நின்று மேல் அம்பை இருபது முறை அழுத்திப் பார்க்கட்டும். தொடங்கிய எண்ணிலேயே வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பாதி விலையும் அதிகம்.