கழலாத சக்கரத்துக்கு 7,400 ரூபாய்: வீட்டுக்கு வரும் மெக்கானிக்கிடம் கவனமாக இருங்கள்

போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் நடந்ததை எழுதுகிறேன். போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். அன்றைக்கு நெடுஞ்சாலையில் அந்த வண்டிக்குள் என் அப்பா உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

எங்களுக்குத் தூத்துக்குடி முத்தையாபுரம். சுற்றிலும் உப்பளம், கொஞ்ச தூரத்தில் கடல். இங்கே ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் கேட்கும். போதாததற்கு 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் கார் மூன்று நாள் பாதிச் சக்கரம் வரை தண்ணீரில் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை, பிரேக்கை மட்டும் பார்த்துக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் நான்கு டயரும் மாற்றினோம். அதற்குப் பிறகு சக்கரத்தைக் கழற்றவே இல்லை.

அன்று காலை திருநெல்வேலியில் அப்பாவுக்குக் கண் பரிசோதனை. கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏழு மணிக்குப் பார்த்தால் இடது முன் டயரில் காற்று இல்லை. ஸ்டெப்னி மாற்றுவது எனக்குத் தெரியும், முன்பு செய்திருக்கிறேன். நட்டுகள் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்த பிறகு ஒவ்வொன்றாகக் கிறீச்சென்று கத்திக்கொண்டு திரும்பின. ஜாக்கி போட்டு நான்கையும் கழற்றினேன். சக்கரம் வரவில்லை. இழுத்தேன், ஆட்டினேன், ஒரு நட்டும் இல்லாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. பலமாக உதைத்தால் வண்டி ஜாக்கியை விட்டுச் சரிந்துவிடுமோ என்று பயம்.

மணி ஓடிக்கொண்டிருந்தது. போனில் தேடி, வீட்டுக்கே வந்து பார்ப்பதாகப் போட்டிருந்த ஒரு நம்பரைக் கூப்பிட்டேன். "வர்றதுக்கு 349 ரூபாய்தான் மேடம், மத்தது பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். ஒன்பது மணிக்கு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பெரியவன் குனிந்து பார்த்தான், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். உடனே சொன்னான்: "பேரிங் ஜாமாகி ஹப்போட ஒட்டிக்கிட்டுக்கா. இப்படியே ஓட்டுனா ரோட்டுல சக்கரம் கழண்டுரும். அப்பாவ வேற கூட்டிட்டுப் போறீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். ஹப் என்றால் சக்கரத்தை மாட்டும் நடு இரும்பு, பேரிங் என்றால் அது உராயாமல் சுற்ற உதவும் வளையம். சக்கரம் என் கண் முன்னால் சத்தமில்லாமல் சுற்றியது. ஜாமான பேரிங் அப்படிச் சுற்றாது, முந்தின நாளே உறுமியிருக்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சின்னவன் சம்மட்டியை எடுத்து, உள்பக்கத்திலிருந்து அலாய் வீலின் விளிம்பிலேயே அடித்தான். இரும்பு நேராக அலுமினியத்தில். நாலைந்து அடியில் சக்கரம் வந்துவிட்டது. அப்புறம் நான் அப்பாவுக்குச் சொட்டு மருந்து விட உள்ளே போனேன். காலை மருந்து மூன்று, இடையில் ஐந்து ஐந்து நிமிடம் விட வேண்டும். பிறகு இட்லி எடுத்து வைத்து, அவரைக் கிளப்பி வெளியே வர முக்கால் மணி நேரம். வந்தபோது ஸ்டெப்னி மாட்டியாகிவிட்டது. கிரீஸ் அப்பிய ஒரு பழைய பேரிங்கைத் திண்ணையில் வைத்து, "இதுதான்கா உங்க வண்டில இருந்தது" என்றான். பேரிங் 3,200, ஹப் 2,500, கூலி 1,350, வந்ததற்கு 349. மொத்தம் 7,399, முழுசாக 7,400 ரூபாய். பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னான். யாரோ ஒருவர் பெயரில் இருந்த நம்பருக்கு ஜிபே செய்தேன்.

வாகைக்குளம் நெருங்கும்போது ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. அறுபதில்தான் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கம் டக் டக் என்று சத்தம். ஓரமாக நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். நான்கு நட்டில் இரண்டு விரலாலேயே சுற்றின. அப்பா உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "என்னம்மா, வந்துட்டோமா?" என்று கேட்கிறார். எனக்குக் கை நடுங்கியது. நானே நான்கையும் முறுக்கி, மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் சொன்னேன். முப்பது வருஷம் உப்பு லாரி ஓட்டியவர். ஸ்டெப்னியைக் கழற்றி, டார்ச் அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஹப்புக்கு நடுவில், அச்சின் நுனியில் ஒரு பெரிய நட்டு இருக்கிறது. அதை முறுக்கிய பிறகு, தானாகக் கழலாமல் இருக்க அதன் உதட்டை அச்சின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கிவிடுவார்களாம். அந்த மடிப்பு அப்படியே இருந்தது. மடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் காய்ந்த சேறு. வெள்ளத்தில் வந்த சேறு.

"எம்மா, பேரிங் மாத்தணும்னா இந்த நட்டைக் கழத்தாம முடியாது. இதுல ஒருத்தனும் கையே வைக்கலியே" என்றார். எங்கள் காரில் முன் பேரிங்கை அழுத்தித்தான் உள்ளே இறக்கியிருப்பார்களாம். பேரிங் உட்கார்ந்திருக்கும் நக்கிள் என்ற இரும்புப் பாகத்தையே கழற்றி, அழுத்தி இறக்கும் பிரஸ் மெஷின் இருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை அது. வாசலில் முக்கால் மணி நேரத்தில் நடக்காது. மறுநாள் திண்ணையில் கிடந்த பேரிங்கை எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். அது எங்கள் வண்டியின் சைஸே இல்லை. பையில் போட்டுக் கொண்டுவந்ததைக் காட்டியிருக்கிறார்கள். பஞ்சர் கடையில் அடுத்த அதிர்ச்சி. அலாய் வீலின் உள்விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அந்த இடத்தில் வெல்டிங் வைத்து, அதை நம்பி ஓட்ட வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். புது வீல் செலவு தனி.

சக்கரம் ஒட்டியதற்குக் காரணம் துரு மட்டும்தான். ஹப்பின் நடுவில் ஒரு வட்டமான மேடு இருக்கிறது, வீலின் நடு ஓட்டை அதன் மேல் இடைவெளியே இல்லாமல் உட்காரும். ஹப் இரும்பு, வீல் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் தங்கினால் அரிப்பு வேகமாகப் பிடிக்கும். இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிட அதிக இடம் கேட்கும். அந்த இறுக்கமான இடத்தில் துரு ஆப்பு அடித்த மாதிரி நிற்கிறது. நட்டு அசையாததற்குக் காரணம் வேறு. டயர் கடையில், காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் ஏர் கன்னை வைத்து மனம்போல முறுக்கிவிட்டார்கள்.

வலது முன் சக்கரமும் ஒட்டியிருக்கும் என்று அண்ணாச்சி சொன்னார், ஒட்டித்தான் இருந்தது. அதை அவர் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில். ஜாக்கியே போடவில்லை. அந்தச் சக்கரத்தின் நட்டுகளை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தினார், எதையும் கழற்றவில்லை. என்னை வண்டியில் ஏற்றி, இரண்டடி முன்னால் எடுத்து பிரேக், இரண்டடி பின்னால் எடுத்து பிரேக் என்றார். மூன்றாவது தடவை "டப்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், சக்கரம் விட்டுவிட்டது. அதற்கு மேல் அப்படியே ஓட்டக் கூடாது. உடனே நிறுத்தி, ஜாக்கி போட்டுக் கழற்றினோம்.

காற்றில்லாத டயர் என்றால் முதலில் கொஞ்சம் காற்றடித்துக்கொண்டு இதையே செய்யலாமாம். அதுவும் முடியாவிட்டால், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, நட்டுகளை இரண்டு மூன்று சுற்று மாட்டியபடியே விட்டு, டயரின் ரப்பரில் இடது ஓரம், வலது ஓரம் என்று மாற்றி மாற்றிக் குதிகாலால் உதைக்க வேண்டும். நட்டு மாட்டியிருப்பதால் சக்கரம் பிய்த்துக்கொண்டு வந்து மேலே விழாது. ஜாக்கி சரிந்தாலும் வண்டி தரையில் மோதாமலிருக்க ஸ்டெப்னியைக் கதவுக்குக் கீழே படுக்கப் போட்டுவைக்கச் சொன்னார். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. நடு ஓட்டையைச் சுற்றித் துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்துக் கால் மணி நேரம் விடலாம், ஆனால் பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக் கூடாது. சுத்தியல் எதுவானாலும் வீலில் படவே வேண்டாம்.

கழற்றிய பிறகு ஹப்பின் மேட்டையும் வீல் உட்காரும் முகத்தையும் கம்பி பிரஷ், உப்புத்தாள் வைத்து இரும்பு தெரியும்வரை தேய்த்தோம். வாசலில் செம்மண் மாதிரி துரு கொட்டியது. இடது பக்கம் வந்தவர்கள் இதே மாதிரித் துருவின் மேலேயே ஸ்டெப்னியை மாட்டி, முறுக்கவும் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓட ஓடத் துருச்செதில் நொறுங்கி நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. மேட்டில் மட்டும் மெல்லிசாகக் காப்பர் கிரீஸ். போல்ட் மரையில் கிரீஸ் கூடாது, முறுக்கு அளவு தப்பிவிடும். நட்டுகளைக் கையால் ஏற்றி, குறுக்கு வாட்டத்தில் இறுக்கி, கடைசியில் முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச். எங்கள் வண்டிக் கையேட்டில் 85 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். இனிமேல் டயர் கடைக்குப் போனால் ஏர் கன்னை ஓரம் வைத்துவிட்டு, கடைசி முறுக்கைக் கையால் போடச் சொல்லப் போகிறேன்.

பழைய பாகத்தைக் கழற்றும்போதே நம் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். புதுப் பாகத்தின் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பில் கைக்கு வராமல் பணம் போடாதீர்கள். நான் மூன்றையும் செய்யவில்லை. அந்த நம்பர் அன்றைக்கு மத்தியானமே அணைக்கப்பட்டுவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று இருக்கிறேன், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. என் கையில் பில் இல்லை. ஜிபே ரசீது, சேறு படிந்த அச்சு நட்டின் படம், விரிசல் விட்ட வீல், சைஸ் பொருந்தாத அந்தப் பேரிங், இவ்வளவுதான் இருக்கிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் யாரிடமாவது இதேபோல் "பேரிங் ஜாம்" என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் சொல்லுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.