சனிக்கிழமை சீரியல் வகுப்பு: 40 வெள்ளிக்குத் தகுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு டியூஷன் சென்டரின் பின்னறையில் எட்டு வாரம் நடந்து முடிந்த வகுப்பு இது. கட்டணம் 40 வெள்ளி (ரிங்கிட்). ஒரு நோட்டும் வாரா வாரம் தே ஓவும் (பால் ஊற்றாத தேநீர்) அதிலேயே அடக்கம். பாடப் புத்தகம் ‘மெட்டி ஒலி’! சன் டிவியில் 2002 முதல் 2005 வரை ஓடிய அதே தொடர்தான். தாயில்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கப் பாடுபடும் சிதம்பரத்தின் கதையைத் தோட்டத்து சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை வைத்து நம்மை நாமே பார்த்துக்கொள்ளப் பழக்குகிறார்கள்.

800 எபிசோடுக்கு மேல் இருப்பதால் முழுசாகப் பார்க்க வழியில்லை. வாரத்துக்கு ஒன்று, விளம்பரம் போக இருபது நிமிடச் சொச்சம். அதையே இரண்டு தடவை போடுகிறார்கள். முதல் தடவை கையில் பேனா இருக்கக் கூடாது. இரண்டாம் தடவை சத்தத்தை அடைத்துவிடுகிறார்கள். வகுப்பின் உயிரே இந்த இரண்டாம் தடவைதான். மாமியார் முகத்தை மூன்று பக்கம் காட்டி ஒரு உறுமல் இசையைப் போட்டால், யாரை வெறுப்பது என்பதை அந்த இசையே முடிவு செய்துவிடுகிறது. இசை போனதும் அதே முகத்தில் பயமும் தெரிகிறது. பக்கத்தில் மகன் வாயைத் திறக்காமல் நிற்பதும் அப்போதுதான் கண்ணில் படுகிறது.

நோட்டில் பக்கத்துக்கு நாலு கட்டம்: கண்டது, எங்கே சுருக்கென்றது, என் வீட்டில் இது எப்போது நடந்தது, இந்த வாரம் ஒரு வேலை. முதல் கட்டத்திலேயே பாதிப் பேர் வழுக்குகிறார்கள். “மாமியார் கொடுமக்காரி” என்று எழுதினால், “அக்கா, அது தீர்ப்பு. கண்ணுல பட்டத எழுதுங்க” என்பார் டீச்சர். ‘தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்’ என்று மாற்றினால்தான் மூன்றாம் கட்டம் நிரம்பும். கொடுமைக்காரி நம் வீட்டில் கிடையாது. தட்டை நகர்த்திவிட்டுப் போகாதவர்தான் யார்?

நாலாம் கட்டத்தில் ‘இனிப் பொறுமையாக இருப்பேன்’ செல்லாது. நாள், ஆள், செயல் மூன்றும் வேண்டும்: ‘வியாழன் ராத்திரி சம்பளக் கணக்கை நானே அம்மாவிடம் காட்டுவேன்.’ அடுத்த வாரம் நடந்ததா இல்லையா என்று ஒரு டிக், அவ்வளவுதான்.

குறை, நோட்டில் எழுத ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பிடித்தவரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெண்கள் எல்லாம் அழுது பொறுத்துப்போகும் மகளைத்தான் எடுக்கிறார்கள். 1984-85இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ தொடரிலும் இதே சிக்கல்தான். அதில் பகவந்தி என்ற அம்மா, ‘இப்படி அடங்கிப் போகாதீர்கள்’ என்று காட்டவே எழுதப்பட்டவள். பார்த்தவர்களில் நிறையப் பேர் அவளையே உத்தமி என்று கொண்டாடினார்கள். 1970களில் மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்ற தயாரிப்பாளர் தொடர்கள் வழியாகவே மக்களுக்குப் பாடம் சொன்னபோது, நல்லவர், கெட்டவர் தவிர நடுவில் தள்ளாடி மெல்ல மாறும் ஒருவரையும் வைத்தார். பார்ப்பவர் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அந்தத் தள்ளாடியிடம்தான். ஆகவே அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே விழிக்கும் கணவன் மாதிரி, பார்த்தாலே எரிச்சல் வரும் ஆளாக எடுங்கள். நோட்டு தானாக நிறையும்.

பேச்சுக்கு ஒரு விதி: வாயில் பாத்திரத்தின் பெயர் மட்டுமே வரவேண்டும், சொந்த வீடு மூன்றாம் கட்டத்தோடு நிற்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு மிகச் சரியான விதி. அதை ஐந்தாம் வாரத்தில் நடத்துபவர்களே உடைத்தார்கள். ‘திருத்தித் தருகிறோம்’ என்று நோட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் எல்லார் நோட்டிலும் மூன்றாம் கட்டம் காலி.

பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு நாலு நிமிடம் என்று கணக்கு. அடுப்படி டைமர் வைக்கும் வரை மூன்று பேரே முக்கால் மணி நேரத்தை விழுங்கினார்கள். மேலே தகரக் கூரை. மழை பிடித்தால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. ஆண்கள் இரண்டே பேர், அவர்களும் மனைவியைக் கொண்டுவந்து விட்டுப் போகாமல் உட்கார்ந்தவர்கள்.

வீட்டில் அடி உதை இருப்பவர்களுக்கு இது மருந்தல்ல. அவர்கள் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999க்குக் கூப்பிட வேண்டும். கோபம், மனத்தாங்கல், பேசாமல் இருந்துவிடும் பழக்கம் இவற்றுக்கு 40 வெள்ளி தாராளமாகத் தகும். அடுத்த வகுப்புக்குப் பேர் கொடுத்தால் முன்வரிசையில் இடம் பிடியுங்கள். நோட்டைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.