தொப்புளுக்கு ஏறிய கால்சட்டை

இரண்டு மாதமாக உயர் இடுப்புக் கால்சட்டை ஒன்றை அணிகிறேன். கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப்பட்டியின் மேல்விளிம்பு வரை முன்புறம் 12 அங்குலம். என் பழைய ஜீன்ஸில் 9 தான். தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டி, நாள் முழுக்க இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தவன் நான். இது தொப்புள் மட்டத்தில் அப்படியே நிற்கிறது. குனிந்தாலும் சட்டை வெளியே வருவதில்லை. முன்மடிப்புகள் இருப்பதால் உட்காரும்போது தொடை இறுகுவதில்லை. 1940களின் புகைப்படங்களில் ஆண்களின் கால்கள் அவ்வளவு நீளமாகத் தெரிவது இதனால்தான் போலும்.

வயிறு நிறையச் சாப்பிட்டால் மட்டும் பட்டி அழுத்துகிறது. பெல்ட் வளையங்களுக்குப் பதில் இருபுறமும் இழுத்து இறுக்கும் பட்டைகள். இடப்பக்கக் கொக்கி அடிக்கடி நழுவுகிறது, மட்டமான வேலை. “தாத்தா மாதிரி இருக்கிறீர்கள் அப்பா” என்கிறாள் மகள். இருக்கட்டும். சாம்பல் நிறத்தில் இன்னொன்று வாங்கப்போகிறேன்.