கரண்ட் போனாலும் கணக்குப் போகவில்லை: ஒரு வருஷம் எலிஃபன்ட்டோடு

எங்கள் கோயில் நூலகத்தின் இரவல் கணக்கைக் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதி, சேமிக்க அதற்கான எலிஃபன்ட் என்ற தரவுத்தளத்தை வைத்திருக்கிறேன். யாங்கோனில் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது, நூலகத்தில் இருப்பதோ யுபிஎஸ் இல்லாத பழைய டெஸ்க்டாப், அதனால் வேகத்தைவிட பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்த்தேன். எலிஃபன்ட்டுக்கு அடியில் டிஸ்க்கில் எழுதும் வேலைக்கு பெர்க்லி டிபி என்ற இன்னொரு தரவுத்தளத்தை வைத்திருக்கிறேன். ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதியது முழுசாக நிற்கும், இல்லையென்றால் எழுதாத மாதிரியே இருக்கும். ஒருநாள் புத்தகம் பதியும்போதே இருட்டாகிவிட்டது; திரும்ப ஏற்றினால் அந்த ஒரு பதிவு மட்டும் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

வேண்டிய பதிவைச் சீக்கிரம் தேடித் தரும் இண்டெக்ஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது. பதிவின் வடிவத்தைச் சொல்லும் கிளாஸில், தேட வேண்டிய ஸ்லாட்டுக்கு (பதிவின் ஒரு புலத்துக்கு) பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதும், அதற்கென்று தனி பி-ட்ரீ, அதாவது வரிசைப்படுத்திய தேடல் மரம், தயார். திருப்பித் தரவேண்டிய தேதியை எண்ணாக வைத்து அந்த ஸ்லாட்டுக்கு இண்டெக்ஸ் போட்டேன், இந்த வாரம் வரவேண்டிய புத்தகங்களை மட்டும் கேட்டால் எல்லாப் பதிவையும் புரட்டாமல் நேராக எடுத்துத் தருகிறது. ஆனால் எல்லா ஸ்லாட்டுக்கும் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்த மரத்தையும் திருத்தியாக வேண்டும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஸ்லாட்டில் லிஸ்ட் வைத்தால் கையில் கிடைப்பது நகல்தான். அதில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு செட்எஃப் (மதிப்பை மாற்றி வைக்கும் லிஸ்ப் கட்டளை) போட்டுத் திரும்ப ஸ்லாட்டில் வைக்காவிட்டால் டிஸ்க்கில் பழையதே இருக்கும். எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது. இப்போது வாசகர் பெயர்களை எலிஃபன்ட்டே தரும், டிஸ்க்கிலேயே நிற்கும் தொகுப்பான பிசெட்டில் வைக்கிறேன், சரியாகப் போகிறது.