மிக்-29கே: பறப்பதில் குறையில்லை, உதிரிபாகத்தில்தான் தலைவலி

இந்தியக் கடற்படையின் மிக்-29கே பற்றிப் பேச்சு வந்தால் வேகம், ஏவுகணை, ரேடார் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கப்பலில் வேலை பார்க்கும் போர் விமானத்தை அதை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. வாங்கிய பிறகு அது எவ்வளவு காலம் பறக்கத் தயாராக நின்றது என்று கேட்க வேண்டும்.

2004இல் 16, 2010இல் 29 என மொத்தம் 45 விமானங்களுக்கு ரஷ்யாவுடன் ஒப்பந்தம் போடப்பட்டது. பறக்கும் திறன் நன்றாகவே இருக்கிறது. தலா 9,000 கிலோ உந்துவிசை தரும் இரண்டு ஆர்டி-33எம்கே எஞ்சின்கள், மடங்கும் இறக்கை, நடுவானில் இன்னொரு மிக்-29கேவுக்கு எரிபொருள் கொடுக்கும் வசதி எல்லாம் உண்டு. இந்த விமானம் பறக்கும் விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவில் விமானத்தை உந்தித் தள்ளும் கருவி கிடையாது. முனை மேல்நோக்கி வளைந்த தளத்திலிருந்து சொந்த பலத்தில் எழும்ப வேண்டும் என்பதால் இந்த எஞ்சின்தான் எல்லாம்.

அந்த எஞ்சின்தான் காலை வாரியது. 2010 பிப்ரவரியில் சேவைக்கு வந்ததிலிருந்து 65 எஞ்சின்களில் 40, வடிவமைப்புக் குறைபாடுகளால் விலக்கப்பட்டதாக 2016இல் வந்த சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை சொன்னது. ஒற்றை இருக்கை விமானங்களின் தயார்நிலை 15.93 முதல் 37.63 சதவீதம் வரைதான். உடற்பகுதி, ஃப்ளை-பை-வயர் (விமானியின் கட்டளையை மின் சமிக்ஞையாகக் கடத்தும்) அமைப்பு இரண்டிலும் கோளாறுகள் பதிவாகின. குறைகள் தெரிந்தும் விமானங்களை ஏற்றுக்கொண்டதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. மன்னிக்க முடியாதது இதுதான்.

கப்பலில் இறங்குவது பாகங்களை எப்படித் தின்கிறது என்று பாருங்கள். தரை ஓடுபாதையில் விமானி கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி மெதுவாகத் தொடுவார். கப்பலில் அதற்கு இடமில்லை. வந்த கோணத்திலேயே தளத்தில் மோதி, வால் கொக்கி கம்பியைப் பிடித்ததும் சுமார் நூறு மீட்டரில் நிற்க வேண்டும். கொக்கி தவறினால் மறுபடி எழும்ப வேண்டுமே என்பதற்காக, சக்கரம் தொடும்போதே எஞ்சினை முழு விசைக்கு ஏற்றுவார்கள். ஆக லேண்டிங் கியர் (சக்கரத் தொகுதி), கொக்கி, எஞ்சின் தாங்கிகள், மின்னணுப் பெட்டிகள் எல்லாமே ஒரே நேரத்தில் அடி வாங்குகின்றன. அதனால் கொக்கிக்கும் லேண்டிங் கியருக்கும் பறந்த மணிக்கணக்கு மட்டும் போதாது, தளத்தில் இறங்கிய எண்ணிக்கையையும் பார்த்துத்தான் மாற்று பாகம் வாங்கி வைக்க வேண்டும். உப்புக்காற்று மின் இணைப்புகளை அரிப்பது தனிக் கணக்கு.

பாகம் வரவில்லை என்றால் நின்றுகிடக்கும் விமானத்திலிருந்து கழற்றி மாட்டுவார்கள். ஒரு தடவை கழற்றி மாட்ட வேண்டிய வேலை இரண்டு தடவையாகிறது. நல்ல பாகமும் கழற்றும்போது கெட்டுப்போகலாம்.

விமானப்படையின் மிக்-29களுக்கான ஆர்டி-33 எஞ்சினை அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் ஒடிசாவின் கோராபுட்டில் தயாரிக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. அது சீரிஸ்-3 ரகம். எம்கே ரகத்தில் உந்துவிசையும் கட்டுப்பாட்டு அமைப்பும் வேறு.

2025 ஏப்ரலில் கடற்படைக்கான 26 பிரெஞ்சு ரஃபேல்-மரீன் போர் விமானங்களுக்குக் கையெழுத்தான ஒப்பந்தத்தில், செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஆதரவும் சேர்ந்தே வருகிறது. பாகத்துக்குப் பாகம் விலை கொடுப்பதை விட, விமானம் தயாராக நிற்பதற்குச் சப்ளையரைப் பொறுப்பாக்கும் இந்த முறையே கடற்படைக்கு ஏற்றது. மிக்-29கே வாங்கியபோதே இப்படி ஒரு பிடி போட்டிருக்க வேண்டும். ரஃபேல்கள் முழுமையாக வந்து சேர 2030 ஆகும். அதுவரை விக்ரமாதித்யா, விக்ராந்த் இரண்டு கப்பல்களுக்கும் மிக்-29கேதான் போர் விமானம். அதற்கான எஞ்சின் கையிருப்பை இப்போதும் குறைக்கக் கூடாது.