கெட்டியா, ஆம்ஸ்டர்டாமா, பத்மநாபபுரமா? கலை வரலாற்று ஆய்வாளர் எங்கே தங்கலாம்

முனைவர் பட்டம் முடித்த கையோடு, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கலை வரலாற்று ஆய்வாளர்கள் விருந்தினர் ஆய்வாளராகச் சில மாதம் தங்க இடம் தேடுகிறார்கள். முதலில் வாயில் வருவது லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி ஆய்வு நிறுவனம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், குடியிருக்க வீடு, உதவித்தொகை எல்லாம் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஒரு கருப்பொருளை அறிவித்துத்தான் ஆட்களை எடுக்கிறார்கள். நம் பக்கத்து வேணாட்டு (பழைய திருவிதாங்கூர்) மரச்சிற்பத்தை அதற்காக வளைத்து எழுதினால், ஒட்டவைத்தது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பொருந்தும் ஆண்டுக்குக் காத்திருங்கள்.

மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ்டவுனில் இருக்கும் கிளார்க் கலை நிறுவனம் வேறு மாதிரி. சின்ன ஊர், சாலைக்கு அந்தப் பக்கம் ஆய்வாளர் குடியிருப்பு, இந்தப் பக்கம் நூலகம். ரெனுவார் போன்ற பிரெஞ்சு ஓவியர்களுக்குப் பேர்போன இடம் என்பதால் நம் பொருள்களைத் தேடி அங்கே போக வேண்டாம். தரவெல்லாம் சேர்ந்து, இனி உட்கார்ந்து எழுதினால் போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஏற்றது.

செப்புத் திருமேனிகளை ஆராய்கிறவருக்கு நான் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தைத்தான் சொல்வேன். அங்குள்ள சோழர் கால நடராசர் ஒன்றரை மீட்டர் உயரம், ஏறத்தாழ 300 கிலோ எடை. உள்ளே களிமண் கரு இருக்கிறதா என்று பார்க்க, சிலையை லாரியோடு சேர்த்துத் துறைமுகச் சுங்கத்தின் எக்ஸ்ரே கூடத்துக்குள் செலுத்திப் படம் எடுத்தார்கள். சிலையைச் சுற்றியுள்ள திருவாசி உட்பட முழுக்க உள்ளே வெற்றிடமில்லாத கன வார்ப்பு என்று தெரிந்தது. ஒரு சிலைக்காக இவ்வளவு மெனக்கெடும் இடத்தில் சில மாதம் இருந்தால், பொருளைப் பார்க்கும் கண்ணே மாறும். அவர்கள் கேட்பதும் தங்கள் சேகரிப்பை மையமாகக் கொண்ட ஆய்வைத்தான்.

உள்ளூரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து 1880இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்தில் திருமேனிகளும் தந்த வேலைப்பாடும் மரத்தேரும் இருக்கின்றன. 1935இல் தொடங்கிய சித்ரா கலைக்கூடமும் அதே வளாகத்தில்தான்; ரவிவர்மாவின் ஓவியங்களையும் அந்த வளாகத்திலேயே பார்க்கலாம்.

பத்மநாபபுரம் அரண்மனையோ தக்கலையில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் 90 வகை மலர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். இதழ் மடிப்பையும் உளித்தடத்தையும் வைத்து எத்தனை தச்சர் கைகள் வேலை செய்தன என்று பிரித்தறிய, காலை வெளிச்சத்திலும் மாலை வெளிச்சத்திலும் வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். எந்த வெளிநாட்டு நூலகமும் இதைத் தராது.

சிக்கல் அனுமதியில்தான். அரண்மனைக்குள் இருக்கும் உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவரோவியங்கள் பொதுப் பார்வைக்கு இல்லை. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருப்பதால், விண்ணப்பம் திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும். எந்தச் சுவர், எத்தனை நாள், கேமரா உண்டா என்பதை எழுதி, ஆய்வு வழிகாட்டியின் கடிதத்தையும் இணையுங்கள். தங்கும் செலவுக்குக் கைக்காசோ பல்கலைக்கழக உதவித்தொகையோ வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் தக்கலையும் திருவனந்தபுரமும்; அந்த அளவுகளையும் வரைபடங்களையும் முன்மொழிவில் சேர்த்து, அடுத்து ஆம்ஸ்டர்டாமுக்கு விண்ணப்பிக்கலாம். கிளார்க்கைக் கடைசி அத்தியாயம் எழுதும் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.